வைத்தியர், விண்வெளி வீராங்கனை, அமைச்சர்: குளோடி ஹெய்னெரே நடந்த பாதை

(எமது கல்லூரியின் நூற்றாண்டை முன்னிட்டுப் பழைய மாணவிகள் சங்கம் நடத்திய உரைத்தொடரில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



முதலில் ஒரு சிறு விளக்கம். இது தனி ஒருவரின் உரை அல்ல. எங்கள் 1997ஆம் ஆண்டு உயர்தர அணியில் வைத்தியர்களாகிய நால்வர் சேர்ந்து தேடி, வாசித்து, தங்களுக்குள் வாதாடித் தயாரித்த உரை. மேடைக்கு ஒருவர் வந்திருக்கிறோம். ஒருவர் இதோ மூன்றாம் வரிசையில் இருக்கிறார். ஒருவர் இன்று வைத்தியசாலையில் கடமை. மற்றவர் லண்டனில் இந்நேரம் நல்ல தூக்கத்தில் இருப்பார். ஆகவே 'நாங்கள்' என்றே பேசப்போகிறோம். பிழை ஏதும் இருந்தால் நால்வரையும் சேர்த்தே ஏசுங்கள்.

மூன்று ஆண்டுகளுக்கு முன்னர் இதே மண்டபத்தில் தொழில் வழிகாட்டல் நாள் ஒன்று நடந்தது. தரம் ஒன்பது மாணவிகளிடம், "என்னவாக வர விரும்புகிறீர்கள்?" என்று கேட்டோம். வழமைபோல வைத்தியர், பொறியியலாளர், கணக்காளர், ஆசிரியை என்று பதில்கள் வந்தன. ஒரு பிள்ளை எழும்பி, "விண்வெளிக்குப் போக விருப்பம் அக்கா" என்றாள். மண்டபம் முழுவதும் கைதட்டியது. அவளுக்கு அடுத்திருந்த பிள்ளை எழும்பி, "எனக்கு அரசியலுக்குப் போக விருப்பம்" என்றாள். மண்டபம் முழுவதும் சிரித்தது. மேடையில் இருந்த நாங்களும் சிரித்தோம். அந்தப் பிள்ளை தலையைக் குனிந்துகொண்டு இருந்துவிட்டாள்.

அன்றிரவு எங்கள் அணியின் வட்ஸ்அப் குழுவில் ஒரு தோழி கேட்டார்: "நானூறு கிலோமீற்றர் உயரத்துக்குப் போக ஆசைப்பட்ட பிள்ளைக்குக் கைதட்டினோம். இரண்டு கிலோமீற்றர் தள்ளி இருக்கிற பிரதேச சபைக்குப் போக ஆசைப்பட்ட பிள்ளையைப் பார்த்து ஏன் சிரித்தோம்?" எவரிடமும் உடனே பதில் இருக்கவில்லை. அந்த இரண்டு பிள்ளைகளின் ஆசைகளையும் ஒரே வாழ்வில் கண்ட பெண் எவராவது உண்டா என்று தேடத் தொடங்கினோம். அப்படித்தான் இந்தத் தலைப்புப் பிறந்தது.

விண்வெளிக்கும் அரசியலுக்கும் போனவர்கள் உலகில் மிகச் சிலரே. உலகின் முதல் விண்வெளி வீராங்கனை வலன்ரீனா தெரஷ்கோவா ஒரு துணி ஆலைத் தொழிலாளி. 1963 ஜூனில் ஏறத்தாழ மூன்று நாட்கள் தனியாகப் பறந்து பூமியை 48 தடவை சுற்றினார். பின்னர் சோவியத் உயர்சபையிலும், 2011 முதல் ரஷ்ய நாடாளுமன்றத்திலும் உறுப்பினரானார். அமெரிக்காவின் ஜோன் கிளென் 1962இல் பூமியைச் சுற்றியவர். ஒகையோ மாநிலத்தின் செனற்றராக 24 ஆண்டுகள் இருந்தார். செனற்றராக இருந்தபடியே 1998இல், 77ஆவது வயதில், முதுமை பற்றிய ஆய்வுகளுக்குத் தன் உடலைக் கொடுத்து மீண்டும் பறந்தார்.

இவர்களை விட எங்களுக்கு நெருக்கமாகத் தெரிந்தவர் பிரான்ஸ் நாட்டின் குளோடி ஹெய்னெரே. ஏனெனில் அவரும் எங்களைப் போல வாட்டில் நின்ற ஒரு வைத்தியர்.

குளோடி 1957 மே 13ஆம் திகதி லு குரூசோ என்ற நகரில் பிறந்தார். இரும்பு உருக்காலைகளால் பெயர்பெற்ற தொழிலாளர் நகரம் அது. 1969 ஜூலையில் மனிதன் சந்திரனில் கால்வைத்தபோது அவருக்குப் பன்னிரண்டு வயது. இங்கே இருக்கும் தரம் ஏழு பிள்ளைகளின் வயது. அந்தக் காட்சியைப் பார்த்த அவர் உடனே விண்வெளிக்குப் புறப்படவில்லை. அப்படி ஒரு கதவு அவர் நாட்டுப் பிள்ளைகளுக்கு அப்போது திறந்திருக்கவும் இல்லை. அவர் மருத்துவம் படித்தார். மூட்டு, என்பு, தசை நோய்களைப் பார்க்கும் வாதநோய் மருத்துவத்தில் நிபுணத்துவம் பெற்றார். கூடவே விளையாட்டு மருத்துவமும், விமான, விண்வெளி மருத்துவமும் கற்றார். 1984இல் பாரிஸ் நகரின் கொஷான் வைத்தியசாலையில் கடமையைத் தொடங்கினார்.

1985இல் அந்த வைத்தியசாலையின் அறிவித்தல் பலகையில் ஒரு தாள் ஒட்டப்பட்டிருந்தது. பிரெஞ்சு விண்வெளி நிறுவனம் ஆய்வுகள் செய்யக்கூடிய விண்வெளி வீரர்களைத் தேடுகிறது என்ற அறிவித்தல் அது. அந்த வழியால் எத்தனையோ பேர் நடந்து போயிருப்பார்கள். குளோடி நின்று வாசித்தார், விண்ணப்பித்தார். இறுதியில் தெரிவான எழுவரில் அவர் ஒருவரே பெண்.

தங்கைகளே, தெரிவானவுடன் அவரை ரொக்கெட்டில் ஏற்றி அனுப்பிவிட்டார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். அவர் முதன்முதலில் பறந்தது 1996இல். பதினொரு ஆண்டுகள் காத்திருந்தார். அந்தப் பதினொரு ஆண்டுகளில் அவர் செய்த வேலைகளைத்தான் நாம் கூர்ந்து பார்க்க வேண்டும்.

1992 வரை வைத்தியசாலைப் பணியைத் தொடர்ந்தார். ஈர்ப்பு விசை உணரப்படாத சூழலில் மனித உடலின் அசைவும் புலனறிவும் எப்படி மாறுகின்றன என்பதை ஆய்வுகூடத்தில் ஆராய்ந்தார். 1992இல் நரம்பியல் விஞ்ஞானத்தில் கலாநிதிப் பட்டம் பெற்றார். ரஷ்ய மொழி கற்றார். 1993இல் ஜோன் பியர் ஹெய்னெரே என்ற பிரெஞ்சு வீரர் 'மிர்' விண்வெளி நிலையத்துக்குப் பறந்தபோது, குளோடி அவருடைய மாற்று வீரராக இருந்தார். எங்கள் வலைப்பந்தாட்ட அணியின் மொழியில் சொன்னால் 'றிசேர்வ்'. மாற்று வீரர் பறப்பவரைப் போலவே எல்லாப் பயிற்சியும் செய்ய வேண்டும், எல்லாச் சோதனையிலும் தேற வேண்டும். பின்னர் மற்றவர் ஏறிப்போவதைக் கீழே நின்று பார்க்க வேண்டும். பார்த்துவிட்டு வீட்டுக்கும் போய்விட முடியாது. அவர் மொஸ்கோவுக்கு அருகிலுள்ள கட்டுப்பாட்டு நிலையத்தில் இருந்து, மேலே நடந்த மருத்துவப் பரிசோதனைகளைக் கவனித்துக்கொண்டிருந்தார்.

அவருடைய முறை வந்தபோதும் இலகுவாக வரவில்லை. 1996 ஓகஸ்டில் பயணத்துக்கு ஒரு வாரமளவே இருக்கையில், அவருடைய கலத்தின் கட்டளை அதிகாரி கெனாடி மனாக்கோவின் இதயத்தில் கோளாறு இருப்பது மருத்துவப் பரிசோதனையில் தெரியவந்தது. இரண்டு ரஷ்ய வீரர்களும் மாற்றப்பட்டார்கள். மாற்றுக் குழுவின் வலேரி கோர்சூனும் அலெக்சாந்தர் கலேரியும் அந்த இடத்துக்கு வந்தார்கள். நெடுநாள் பழகிய குழுவை விட்டு வேறு இருவருடன் குளோடி பறந்தார். வைத்தியர்களாகிய எங்களுக்கு இதில் ஒரு தனி அக்கறை உண்டு. யாரோ ஒரு மருத்துவர், பெயர்பெற்ற ஒரு வீரரிடம், "நீங்கள் போக முடியாது" என்று கடைசி நேரத்தில் சொல்லியிருக்கிறார். மாற்று வீரர் உண்மையிலேயே ஆயத்தமாக இருந்ததால்தான் அந்தச் சொல்லை அவரால் துணிந்து சொல்ல முடிந்தது.

1996 ஓகஸ்ட் 17இல் பைக்கனூரில் இருந்து சோயுஸ் கலம் புறப்பட்டது. பிரான்ஸ் நாட்டின் முதல் விண்வெளி வீராங்கனை என்ற பெயர் அவருக்குக் கிடைத்தது. அப்போது அவர் குளோடி ஆந்ரே டெஷே என்ற பெயரில் அறியப்பட்டிருந்தார். மிர் நிலையத்தில் ஏற்கெனவே ஷனன் லூசிட் என்ற அமெரிக்க வீராங்கனை இருந்தார். உயிர் இரசாயனவியலாளர், மூன்று பிள்ளைகளின் தாய்.

அதே ஓகஸ்டில் நாங்கள் எங்கே இருந்தோம்? 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமமே இடம்பெயர்ந்து தென்மராட்சிக்கும் வன்னிக்கும் போனது உங்கள் அம்மாமாருக்கு நினைவிருக்கும். மறு ஆண்டு திரும்பி வந்தபோது வகுப்பில் பாதிக் கதிரைகள் இல்லை. மின்சாரம் இல்லை. மண்ணெண்ணெய் விளக்கில் உயிரியல் படித்தோம். சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்ட காலம் முழுதாக முடிந்திருக்கவில்லை. ஒரு பெண் வைத்தியர் எங்கள் தலைக்கு மேலே நாளொன்றுக்குப் பதினாறு தடவை பூமியைச் சுற்றிக்கொண்டிருந்தார் என்ற செய்தி எங்களில் எவருக்கும் எட்டியதாக நினைவில்லை. எட்டியிருந்தால், அந்த விளக்கின் முன்னால் அது எங்களுக்குக் கொஞ்சம் துணையாக இருந்திருக்கும்.

பதினாறு நாட்கள் அவர் அங்கே என்ன செய்தார்? பெரும்பகுதி மருத்துவ, உயிரியல் ஆய்வு. விண்வெளியில் மிதக்கும் உடலில் குருதியும் ஏனைய திரவங்களும் கால்களில் இருந்து தலைப்பக்கம் ஏறுகின்றன. முகம் ஊதும், கால் மெலியும். நிமிர்ந்து நிற்பதற்காகக் குருதி அமுக்கத்தைச் சரிசெய்யும் உடலின் பொறிமுறை வேலை இல்லாமல் தளர்ந்துபோகும். அதனால் பூமிக்குத் திரும்பி எழுந்து நின்றதும் சிலருக்கு மயக்கம் வரும். பல நாள் படுக்கையில் கிடந்த நோயாளியை முதன்முதலில் எழுப்பி நிறுத்தும்போது தலைசுற்றி விழப்பார்ப்பதை எங்கள் தாதியர் நன்கு அறிவார்கள். இரண்டும் ஏறக்குறைய ஒரே கதைதான். இதயமும் குருதிக்குழாய்களும் இதற்கு எப்படி ஈடுகொடுக்கின்றன, கண்ணும் கையும் எப்படி ஒத்துழைக்கின்றன என்று அவர் அளந்தார். பல்லி போன்ற உருவமுள்ள ஒரு சிறிய ஈரூடகவாழியின் முட்டைகள் ஈர்ப்பு உணரப்படாத நிலையில் எப்படி விருத்தியடைகின்றன என்பதும் அந்தப் பயணத்தில் ஆராயப்பட்டது.

அதன் பின்னரும் அவர் நிற்கவில்லை. 1998இல் தாயானார். மற்றுமொரு பயணத்துக்கு மாற்று வீரராகப் பயிற்சி பெற்றார். 1999இல், சோயுஸ் கலத்தைப் பூமிக்குத் திருப்பிக் கொண்டுவரும் கட்டளை அதிகாரிக்குரிய தகைமையைப் பெற்றார். உலகில் அந்தத் தகைமையைப் பெற்ற முதல் பெண் அவர்தான். 2001 ஒக்ரோபர் 21இல் மீண்டும் பறந்து, சர்வதேச விண்வெளி நிலையத்துக்குச் சென்ற முதல் ஐரோப்பியப் பெண்ணானார். ஒக்ரோபர் 31இல் தரையிறங்கினார். இரண்டு பயணங்களும் சேர்த்து விண்வெளியில் அவர் இருந்தது 25 நாட்களுக்குச் சற்று மேல். அந்த 25 நாட்களுக்காக அவர் உழைத்தது பதினாறு ஆண்டுகள்.

இங்கே முடித்திருந்தால் நல்ல பரிசளிப்பு விழா உரையாக இருந்திருக்கும். நாங்கள் சொல்ல வந்தது இதற்குப் பின்னால் இருக்கிறது.

தரையிறங்கி எட்டு மாதங்களுக்குள், 2002 ஜூனில், குளோடி ஹெய்னெரே பிரான்ஸ் அரசாங்கத்தில் ஆராய்ச்சிக்கும் புதிய தொழில்நுட்பங்களுக்கும் பொறுப்பான அமைச்சரானார். அவர் எந்தத் தேர்தலிலும் நின்றவர் அல்லர். அந்நாட்டில் நாடாளுமன்றத்துக்கு வெளியே இருந்தும் அமைச்சர்களை நியமிக்கலாம். விஞ்ஞானப் பெண் ஒருவரை இப்படி அழைப்பது அங்கே புதிதும் அல்ல. நோபல் பரிசு பெற்ற இரேன் ஜோலியோ கியூரி 1936இல் விஞ்ஞான ஆராய்ச்சிக்கான துணை அமைச்சராகச் சில மாதங்கள் இருந்தார். அப்போது பிரெஞ்சுப் பெண்களுக்கு வாக்குரிமையே இருக்கவில்லை, 1944இல்தான் கிடைத்தது. நமது நாட்டுப் பெண்கள் 1931 தொடக்கம் வாக்களித்து வருகிறார்கள். 1932இல் நேசம் சரவணமுத்து என்ற தமிழ்ப் பெண் கொழும்பு வடக்கில் இருந்து அரசாங்க சபைக்குத் தெரிவாகிவிட்டார். அரசியல் நமக்குப் பழக்கமில்லாத துறை என்று நாம் சொல்லிவிட முடியாது என்பதற்காகவே இதை நினைவூட்டுகிறோம்.

அமைச்சர் பதவியில் குளோடிக்கு என்ன நடந்தது? உள்ளதை உள்ளபடி சொல்ல வேண்டும். இலகுவாக இருக்கவில்லை. அரசாங்கம் செலவைக் குறைத்த காலம் அது. ஆராய்ச்சிக்கான ஒதுக்கீடுகள் வெட்டப்பட்டன. இளம் ஆய்வாளர்களுக்கான நிரந்தரப் பதவிகள் பல, குறுங்கால ஒப்பந்தப் பதவிகளாக மாற்றப்பட்டன. 2004 தொடக்கத்தில் ஆய்வாளர்கள் கிளர்ந்தெழுந்தார்கள். ஆராய்ச்சியைக் காப்பாற்றுவோம் என்ற முழக்கத்துடன் பல்லாயிரக்கணக்கானோர் கையொப்பமிட்டார்கள். மார்ச் மாதத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆய்வுகூடப் பொறுப்பாளர்களும் குழுத் தலைவர்களும் தங்கள் நிர்வாகப் பொறுப்புகளைத் துறந்தார்கள்.

இதை ஒரு கணம் யோசித்துப் பாருங்கள். வீதியில் இறங்கியவர்கள் வேறு யாரும் அல்லர். அவர் எந்த ஆய்வுகூடங்களில் இருந்து வந்தாரோ, அதே ஆய்வுகூடங்களில் வேலை செய்தவர்கள். அவருடைய திறமையில் அவர்களுக்குச் சந்தேகம் இருந்திருக்காது. அவர்கள் கேட்டது பணமும் பதவியும். அவை ஓர் இணை அமைச்சரின் கையில் மட்டும் இருக்கவில்லை. அந்த மாத இறுதியில் அமைச்சரவை மாற்றியமைக்கப்பட்டு, குளோடி ஐரோப்பிய விவகாரங்களுக்கு மாற்றப்பட்டார். சில வாரங்களுக்குள், வெட்டப்பட்ட நிரந்தரப் பதவிகளைப் புதிய அமைச்சர்கள் திருப்பிக் கொடுத்தார்கள். அதாவது, அவர் இருந்தபோது முடியாது என்று சொல்லப்பட்டது, அவர் போன பின்னர் முடிந்தது.

ஐரோப்பிய விவகாரங்களிலும் அப்படித்தான். 2004 மே மாதத்தில் ஐரோப்பிய ஒன்றியம் 15 நாடுகளில் இருந்து 25 நாடுகளாக விரிந்தது. ஒன்றியத்துக்கான அரசியலமைப்பு உடன்படிக்கையை ஏற்கும்படி அவருடைய அரசாங்கம் மக்களிடம் கேட்டது. 2005 மே 29இல் நடந்த சர்வசன வாக்கெடுப்பில் வாக்களித்தவர்களில் ஏறத்தாழ 55 வீதமானோர் வேண்டாம் என்றார்கள். பிரதமர் பதவி விலகினார். குளோடியின் அமைச்சுப் பணியும் அத்துடன் முடிந்தது.

இந்தப் பகுதியை வாசித்தபோது எங்கள் நால்வருக்குள் பெரிய வாக்குவாதம் நடந்தது. ஒருவர், "பார்த்தீர்களா, தன் துறையிலேயே இருந்திருக்கலாம்" என்றார். இன்னொருவர், "விண்வெளிக்குப் போனவர் என்பதற்காக அமைச்சர் வேலை தெரியும் என்று நினைத்ததுதான் பிழை" என்றார். இரண்டாவது கருத்தில் உண்மை இருக்கிறது. விண்கலத்தில் மூவருக்கும் ஒரே நோக்கம். எல்லோரும் உயிரோடு திரும்ப வேண்டும். அமைச்சரவையில் அப்படி இல்லை. நிதி அமைச்சுக்கு ஒரு நோக்கம், ஆய்வாளருக்கு ஒரு நோக்கம், வரி கட்டுபவருக்கு ஒரு நோக்கம். எல்லோரும் நியாயமாகவே கேட்பார்கள். எல்லோருக்கும் கொடுக்க முடியாது. விண்வெளிக்குப் பதினொரு ஆண்டுகள் ஆயத்தம் செய்தவருக்கு, அமைச்சுக்கு ஆயத்தம் செய்யச் சில நாட்கள்கூடக் கிடைத்திருக்காது. பொதுப்பணிக்கும் மாற்று வீரர் பயிற்சி போல ஒன்று வேண்டும் என்பதே எங்கள் முடிவு.

அதேவேளை, விண்வெளியில் பெற்ற புகழ், அரசியலில் செய்வதற்கெல்லாம் நற்சான்றிதழ் ஆகாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். தெரஷ்கோவாவை எங்கள் தலைமுறை பாடப்புத்தகத்தில் வணங்கியது. 2020இல், பதவியில் இருந்த ஜனாதிபதியின் முந்தைய பதவிக்காலங்களைக் கணக்கில் எடுக்காமல் அவரை மீண்டும் போட்டியிட விடும் திருத்தத்தை நாடாளுமன்றத்தில் முன்மொழிந்தவரும் அவரே. 1963ஆம் ஆண்டுத் துணிச்சலுக்குத் தலைவணங்கிக்கொண்டே, 2020ஆம் ஆண்டு முன்மொழிவைக் கேள்வி கேட்கலாம். கேட்கத்தான் வேண்டும்.

ஆனால் முதலாமவரின் கருத்தை, தன் துறையிலேயே இருந்திருக்கலாம் என்பதை, நாங்கள் ஏற்கவில்லை. இந்த நாட்டில் ஒரு தாய் பிரசவத்துடன் தொடர்பாக இறந்தால், அந்த இறப்பு ஒவ்வொன்றும் மீளாய்வு செய்யப்படுகிறது. குடும்பநல உத்தியோகத்தர் தொடக்கம் நிபுணர் வரை கூடியிருந்து, எங்கே தாமதம், எங்கே தவறு என்று பார்க்கிறோம். யாரையும் தூக்கில் போட அல்ல. அடுத்த தாயைக் காப்பாற்ற. அந்த மீளாய்வுகளில் தலைகுனிந்து இருந்த அனுபவம் எங்களுக்கும் உண்டு. அதற்காக எவரும் மகப்பேற்று மருத்துவத்தை விட்டு ஓடுவதில்லை. அரசியலில் ஒரு நல்லவர் தவறினால் மட்டும், "நல்லவர்களுக்கு அது சரிவராது" என்று ஏன் கதவைச் சாத்துகிறோம்?

குளோடியும் கதவைச் சாத்தவில்லை. ஐரோப்பிய விண்வெளி முகவரகத்தில் ஆலோசகராகச் சேர்ந்தார். 2009 முதல் பாரிஸ் நகரின் இரண்டு பெரிய விஞ்ஞான அரும்பொருளகங்களை ஒன்றிணைத்து, 2015 வரை அந்த நிறுவனத்தை நடத்தினார். பாடசாலைப் பிள்ளைகள் வரிசையாக வந்து தொட்டும் இயக்கியும் பார்க்கும் இடங்கள் அவை. அதுவும் பொதுப்பணிதான்.

இனி எங்கள் வீட்டுக் கதை ஒன்று. 2018 பெப்ரவரியில் உள்ளூராட்சித் தேர்தல் நடந்தது. பெண்களுக்கு 25 வீத இடங்கள் என்ற சட்டம் முதன்முதலில் நடைமுறைக்கு வந்த தேர்தல். படித்த பெண்கள் யாராவது இருக்கிறார்களா என்று கேட்டு எங்களிடமும் ஆட்கள் வந்தார்கள். அரச சேவையில் இருந்த எங்களுக்குத் தேர்தலில் நிற்க வழியில்லை. அது உண்மையான காரணம். ஆனால் வேறு ஒருவரின் பெயரைச் சொல்லவோ, ஊக்கப்படுத்தவோ நாங்கள் முன்வராததற்கு எந்தச் சட்டமும் காரணம் அல்ல. "அந்தச் சாக்கடை எங்களுக்கு வேண்டாம்" என்று சொல்லி, தேநீர் கொடுத்து அனுப்பிவிட்டோம்.

எங்கள் அணியில் தையல் கடை நடத்தும் ஒரு தோழி நின்றார். உயர்தரப் பெறுபேறு போதாமல் பல்கலைக்கழகம் போகாதவர். கடைக்கு முன்னால் கேலி பேசினார்கள். வீட்டிலும் முகம் சுளித்தார்கள். அவர் சபைக்குத் தெரிவானார். ஒருநாள் கிளினிக்குக்கு வந்து கேட்டார்: "சந்தையில் மரக்கறி விற்கிற அம்மாமார் அடிக்கடி சலத்தில் கிருமி என்று உங்களிடம் வருகிறார்கள்தானே? ஏன் என்று கேட்டீர்களா?"

நாங்கள் கேட்டிருக்கவில்லை. ஆண்டுக்கணக்காக அந்தப் பெண்களுக்குச் சிறுநீர்ப் பரிசோதனை எழுதினோம், அன்ரிபயோற்றிக் எழுதினோம், "நிறையத் தண்ணீர் குடியுங்கோ" என்று சொல்லி அனுப்பினோம். அவர்கள் தண்ணீர் குடிக்காமல் இருந்ததற்குக் காரணம், சந்தையில் பெண்கள் போகக்கூடிய மலசலகூடம் இல்லை. காலை ஐந்து மணிக்கு வந்தால் பிற்பகல் இரண்டு மணி வரை அடக்கிக்கொண்டிருப்பார்கள். தோழி எங்களிடம் ஒரு பக்கக் கடிதம் கேட்டார். இது சுகாதாரப் பிரச்சினை என்று சபைக்குக் காட்ட. அதை எழுதிக் கொடுக்க எங்களுக்கு இரண்டு மாதம் எடுத்தது. வேலைப்பளு என்று சாட்டுச் சொன்னோம். அவர் ஒவ்வொரு கூட்டத்திலும் எழும்பி அதையே கேட்டுக்கொண்டிருந்தார். இரண்டாவது வரவு செலவுத் திட்டத்தில் பணம் கிடைத்தது. இன்று அங்கே பெண்களுக்கெனப் பூட்டுள்ள, தண்ணீர் வரும் இரண்டு மலசலகூடங்கள் இருக்கின்றன. அந்தச் சந்தையில் இருந்து எங்களிடம் வரும் அம்மாமாரின் தொகை குறைந்திருப்பதை எங்கள் கண்ணாலேயே காண்கிறோம்.

ஆண்டுக்கணக்காக நாங்கள் எழுதிய மருந்துச் சீட்டுகளை விட அந்த இரண்டு கதவுகள் கூடுதலாகச் சுகம் கொடுத்திருக்கின்றன. அவரை நாங்கள் எங்கள் அணியின் பெருமைகளில் ஒருவராக எந்த மேடையிலும் சொன்னதில்லை. இன்று சொல்கிறோம். அவர் பெயரைச் சொல்ல அவர் அனுமதிக்கவில்லை. "பெயர் வேண்டாம், அடுத்த முறை கடிதத்தைக் கெதியாகத் தாருங்கோ" என்றார்.

ஆகவே, சங்கத்துக்கு எங்கள் அணி சார்பில் ஒரு வேண்டுகோள். நமது சங்கம் மருத்துவ, பொறியியல் பீடங்களுக்குத் தெரிவாகும் பிள்ளைகளுக்குப் புலமைப்பரிசில் கொடுக்கிறது. அது தொடரட்டும். நூற்றாண்டு நினைவாக இன்னொன்றையும் தொடங்குவோம். ஒவ்வொரு தவணையும் உயர்தர மாணவிகளில் பத்துப் பேரை உள்ளூராட்சிச் சபைக் கூட்டம் ஒன்றுக்கு அழைத்துச் செல்வோம். பார்வையாளராக இருந்து பார்க்கட்டும். ஒரு வரவு செலவுத் திட்டத்தை எப்படி வாசிப்பது என்று நமது கணக்காளர் அக்காமார் சொல்லிக் கொடுக்கட்டும். பெண் உறுப்பினர்களைக் கல்லூரிக்கு அழைத்து, அவர்கள் எதில் தோற்றார்கள் என்று கேட்போம். குளோடிக்கு 1993 எப்படியோ, அப்படி இந்தப் பிள்ளைகளுக்கும் ஒரு மாற்று வீரர் காலம் கிடைக்கட்டும். முதலாவது பயணத்துக்கான வாகனச் செலவை எங்கள் அணி ஏற்றுக்கொள்கிறது.

விண்வெளிக்குப் போக விரும்பிய பிள்ளைக்கு ஒரு வார்த்தை: அறிவித்தல் பலகைகளைக் கடந்து போகும்போது நின்று வாசியுங்கள். வைத்தியராகவும் போகலாம், பொறியியலாளராகவும் போகலாம்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் அரசியலுக்குப் போக விருப்பம் என்று சொன்ன பிள்ளை இப்போது உயர்தரம் முதலாம் ஆண்டில் படிக்கிறார். இன்று இந்த மண்டபத்தில்தான் இருக்கிறார் என்று அதிபர் சொன்னார். தங்கச்சி, அன்று நீங்கள் சொன்னதைக் கேட்டு மேடையில் இருந்து சிரித்தவர்கள் நாங்கள். அதற்காக இந்த மேடையிலேயே மன்னிப்புக் கேட்கிறோம். அடுத்த தவணையில் புறப்படும் பத்துப் பேரில் முதலாவது இடம் உங்களுக்கு. விருப்பம் இன்னும் இருந்தால் வாருங்கள். பெயரை எங்கள் வகுப்புத் தோழியிடம், மூன்றாம் வரிசையில், கொடுத்துவிட்டுப் போங்கள்.